திரிஸ்தான் தீவும் அதன் குடிமக்களும்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் பெருமக்களையும், அவர்கள் செய்த போர்களையும், எடுப்பித்த கோயில்களையும், வழங்கிய தான தருமங்களையுமே எடுத்துரைப்பர். அச்சமூகத்தார் மொத்தம் எத்தனை பேர், அவருள் ஆடவர் எத்தனை, மகளிர் எத்தனை, ஆண்டுதோறும் பிறந்தோரும் இறந்தோரும் எத்தனை, ஊர் விட்டுப் பெயர்ந்தோர் எத்தனை என்னும் கணக்கை விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு சமூகம் நிலைப்பதும் அழிவதும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளன. பெரிய ஜன சமூகங்களில் இவ்வுண்மை எளிதிற் புலப்படாது. கடல்நீரில் ஒரு குடம் முகந்தாற் குறைவு தோன்றுமோ? சிறு குட்டையிலோ ஒரு குடம் எடுத்தாலும் கரை தெரியும். ஆதலின், உலகத்திலுள்ள மிகச் சிறிய, மிகத் தனித்த ஜனக்கூட்டம் ஒன்றின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை நம் அன்பர்கள் முன் வைத்து, அதனின்றும் நாம் அறியத்தக்கவற்றை இங்கே ஆராய்வோம்.

தென் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் நடுவே திரிஸ்தான் தா குன்ஹா என்னும் தீவு ஒன்றுளது. 1506 ஆம் ஆண்டில் அவ்வழிச் சென்ற போர்த்துக்கேசிய மாலுமித் தலைவர் ஒருவரின் பெயரே அதற்கு வழங்குவதாயிற்று. அதற்கு மிக அணித்தாய் மக்கள் வாழும் நிலம் செயின்ட் ஹெலினாத் தீவு. அதுவும் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரமோ 2,700 கிலோமீட்டருக்கும் அப்பாலுளது. தீவின் பரப்பு 98 சதுர கிலோமீட்டர். நடுவே 2,062 மீட்டர் உயர்ந்த எரிமலை நிற்க, அதன் வடமேற்கு அடிவாரத்தில் அமைந்த குறுகிய சமவெளி ஒன்றே மனிதர் குடியிருக்க இடம் தருவது. விமான நிலையம் இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பல் ஏறினால் ஒரு வாரமளவிற் சென்று சேரலாம். அலை மிகுந்தால் கரையிறங்கப் பல நாட் காத்திருத்தலும் உண்டு.

இத்தகைய இடத்தில் மக்கள் எவ்வாறு குடியேறினர்? 1815 இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவிற் சிறை வைக்கப்பட்டான். அவனை மீட்க முயல்வோர் திரிஸ்தானைத் தங்குமிடமாகக் கொள்ளக்கூடும் என அஞ்சிய ஆங்கில அரசாங்கத்தார் 1816 இல் அங்கே ஒரு சிறு படையை நிறுத்தினர். மறு ஆண்டிலேயே அப்படையைத் திரும்ப அழைத்தனர். அப்போது பீரங்கிப் படையைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்னும் ஸ்காத்லாந்து வீரர், கேப் நாட்டிற் பிறந்த தம் மனைவி மரியா லீண்டர்ஸ் அம்மையாரோடும் குழந்தைகளோடும் அங்கேயே தங்க அனுமதி பெற்றார். சாமுவேல் பர்னெல், ஜான் நான்கிவெல் என்னும் கல்தச்சர் இருவரும் அவருடன் தங்கினர்.

இவர்கள் 1817 நவம்பர் 7 ஆம் தேதி தமக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டனர். கால்நடையும் பண்டங்களும் யாவர்க்கும் சமமாய் உரியன, வரும் லாபம் சமமாய்ப் பங்கிடப்படும், செலவும் அவ்வாறே, எவரும் தம்மை மற்றவரினும் மேலானவராகக் கொள்ளலாகாது என்பன அதன் சாரம். முன்னாட் படையதிகாரம் பெற்றிருந்தவர் கிளாஸ் ஒருவரே. அவரே தம் மேன்மையைத் துறந்து இதற்கு இசைந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. கல்தச்சர் இருவரும் சில ஆண்டுகளில் தீவை விட்டு நீங்கினர். அவர்கள் எழுதிய கொள்கை மட்டும் நீங்கவில்லை.

பின்னர்க் கப்பலுடைந்து கரையேறியோரும், கடல்வாழ்க்கையில் அலுப்புற்றோருமாகச் சில ஆடவர் வந்து சேர்ந்தனர். ஆனால் கிளாஸின் மனைவி ஒருவரன்றி மணத்தகுதியுடைய பெண் அங்கில்லை. ஆடவர் மட்டுமே கூடிய கூட்டம் முகாமாகுமேயன்றிச் சமூகமாகாது. இதனையுணர்ந்த மணமாகாத ஐவர், அவ்வழி வந்த கப்பல் தலைவர் ஒருவரை வேண்டிக்கொள்ள, அவர் 1827 இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்களை அழைத்து வந்தார். அவர்களுள் முன்னரே குழந்தை பெற்றோரும் இருந்தனர். அக்குழந்தைகளையும் தீவார் தம் குழந்தைகளாகவே ஏற்றனர். முதலிற் கரையில் அடி வைக்கும் பெண்ணையே மணப்பேன் எனத் தாமஸ் ஸ்வெயின் என்பவர் சூளுரைத்தார் என்றொரு கதை அங்கு வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், திரிஸ்தான் சமூகம் உண்மையிற் பிறந்த ஆண்டு 1827 என்பதே எம் துணிபு. ஆவணம் எழுதி ஆடவர் கையொப்பமிட்ட ஆண்டினும், பெயரும் பலர்க்குத் தெரியாத அப்பெண்கள் அடுப்பு மூட்டிய ஆண்டே சிறந்ததன்றோ?

இதன்பின் ஜனத்தொகை விரைந்து வளர்ந்தது. கிளாஸ் தம்பதிகட்கே எட்டு ஆண்மக்களும் எட்டுப் பெண்மக்களும் பிறந்தனர். 1836 இல் கப்பலுடைந்து வந்த ஒல்லாந்தர் பீட்டர் குரோன், தம் பெயரைப் பீட்டர் கிரீன் என ஆங்கிலமாக்கிக்கொண்டு தீவின் தலைவராக விளங்கி, 1902 வரை வாழ்ந்தார். அமெரிக்கராகிய தாமஸ் ராஜர்ஸ், ஆண்ட்ரூ ஹேகன் என்போரும் வந்து பெண் கொண்டு குடியாயினர். அக்காலத்தே அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அடிக்கடி வந்தன. தீவார் உருளைக்கிழங்கும் இறைச்சியும் நன்னீரும் கொடுத்து, மாவும் துணியும் கருவிகளும் பெற்றனர். 1855 ஆம் ஆண்டின் முடிவில் தீவின் தொகை நூற்றுக்குச் சற்று மேற்பட்டிருந்தது.

இவ்வளர்ச்சியின் உள்ளேயே முதற் கேடும் வளர்ந்தது. 1853 இல் கிளாஸ் இறந்தார். அவர் மக்கள் பலர் முன்னரே திமிங்கில வேட்டைக்காரரோடு மணத்தாலும் தொழிலாலும் தொடர்புற்றிருந்தனர். 1856 இல் அக்குடும்பத்தார் பெருங்கூட்டமாக அமெரிக்காவிற்குப் பெயர்ந்தனர். 1857 இல் தீவிலிருந்த பாதிரியார், இவ்விடத்தில் இளைஞர்க்கு எதிர்காலம் இல்லை எனக் கருதி, 45 பேரைத் தம்முடன் கேப் நாட்டிற்கு அழைத்துச் சென்றார். எஞ்சினோர் முப்பது பேரளவினரே. பதினைந்து மாதங்களுக்குள் பத்துப் பேரில் எழுவர் போயினர். கொள்ளைநோயில்லை, பஞ்சமில்லை, போரில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நன்மையைத் தனித்தனியே நாடிற்று, அவ்வளவே. ஒவ்வொருவர் செயலும் நியாயமானதாயிருக்க, யாவர் செயலும் கூடிச் சமூகத்தைக் குலைத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

எஞ்சிய சில குடும்பங்களும் மனந்தளரவில்லை. முப்பதாண்டு நிறைவதற்குள் தொகை மீண்டும் நூற்றைக் கடந்தது. ஆனால் காலம் மாறிற்று. திமிங்கில வேட்டை குறைந்தது. நீராவிக் கப்பல்கள் காற்றுவழியை நாடவேண்டுவதில்லையாயிற்று. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கீழ்நாட்டுக் கப்பல்கள் வேறு வழியிற் சென்றன. கப்பல் வருதல் அரிதாகவே, வரும் ஒரு கப்பலையும் விட்டுவிட மனமில்லாது, தீவார் எத்தகைய கடலிலும் படகைச் செலுத்தலாயினர். 1885 நவம்பர் 28 ஆம் தேதி, தொலைவிற் சென்ற கப்பலொன்றைக் கண்டு, பண்டமாற்றுக்காகப் பதினைந்து ஆடவர் ஒரே படகிற் சென்றனர். அவருள் ஒருவரும் மீளவில்லை.

நூறு பேர் வாழும் ஊரிற் பதினைந்து ஆடவர் ஒரு நாளில் மறைதல் யாது என்பதை அன்பர்கள் சிந்திப்பாராக. உழைக்கும் வயதுடைய ஆடவர் ஏறக்குறைய அனைவரும் அப்படகிலேயே இருந்தனர். முதியோரும் கைம்பெண்களும் சிறு குழந்தைகளுமே தீவில் எஞ்சினர். அடுத்த சில ஆண்டுகளிற் சிலர் வெளியேற, 1891 இல் தொகை 59 ஆயிற்று. அக்கைம்பெண்கள் உருளைக்கிழங்குக் காடுகளை உழுது, ஆடுமாடுகளைப் பேணி, பிள்ளைகளை வளர்த்தனர். அவர்கள் அன்று தளர்ந்திருப்பின் இச்சரித்திரம் அங்கேயே முடிந்திருக்கும்.

1892 இல் ஓர் இத்தாலியக் கப்பல் தீவின் கரையில் உடைந்தது. அதன் மாலுமிகளுள் காமோலி நகரத்தைச் சேர்ந்த ஆந்திரேயா ரெப்பெட்டோ, கெய்டானோ லவரெல்லோ என்னும் இருவர் திரும்பிச் செல்ல விரும்பாது தங்கிப் பெண் கொண்டனர். ஆடவர் குறைந்த அவ்வூருக்கு அவர்கள் வரவு பேருதவியாயிற்று. தென்னாப்பிரிக்கா சென்றிருந்த கிளாஸ் குடும்பத்துச் சகோதரர் அங்கே அயர்லாந்துச் சகோதரிகள் இருவரை மணந்து, 1908 இல் அவர்களுடன் திரும்பினர். அதன்பின் நெடுங்காலம் புதியோர் வந்து கலத்தல் அரிதாயிற்று. கிளாஸ், ஸ்வெயின், கிரீன், ராஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ என்னும் ஏழு குடும்பப் பெயர்களே ஊர் முழுவதும் வழங்குவனவாயின. ஆங்கிலேயர், ஸ்காத்லாந்தார், ஒல்லாந்தர், அமெரிக்கர், இத்தாலியர், அயர்லாந்தார், ஆப்பிரிக்க ஆசிய இரத்தக் கலப்புடைய கேப் நாட்டாரும் செயின்ட் ஹெலினாவினரும் ஆகிய இத்தனை பேர் கலந்து ஒரு குடியாயினர். இவருள் எவர் உயர்ந்த வழியினர், எவர் தாழ்ந்த வழியினர் எனப் பிரிக்கப் புகின், அவர்கள் வீட்டு வாயிலில் நின்று ஒரு மனிதனையே இரு கூறாகப் பிளக்க நேரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேறிடம் தருகிறோம், தீவை விட்டு வருக என அதிகாரிகள் அழைத்தனர், தீவார் இசைந்திலர். பிறப்பு மிகுந்து, 1938 அளவில் தொகை ஏறக்குறைய 190 ஆயிற்று. 1942 இல் யுத்தத்தின் பொருட்டு ஒரு கடற்படை நிலையம் அமைக்கப்பட்டது. அதனோடு நாணயப் புழக்கமும் வந்தது. 1949 இல் சிங்கி இறால் பதனிடும் தொழிற்சாலை ஏற்பட்டு, கூலி வேலையும் உண்டாயிற்று.

1961 ஆகஸ்டு முதல் தீவு அதிரத் தொடங்கிற்று. அக்டோபரில் ஊரின் அருகே நிலம் பிளந்து எரிமலை வாய் திறந்தது. குடிகள் அனைவரும், 264 பேர், கப்பலேறிக் கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சென்று நவம்பரில் இறங்கினர். அங்கே அரசாங்கத்தார் வீடும் வேலையும் அளித்தனர். மின்விளக்கு, சினிமா, கடைவீதி யாவும் இருந்தன. ஆயினும் அவர்கள் உடலிற் பழக்கமில்லாத நோய்கள் பற்றின. முதல் மாரிக்காலத்திலேயே முதியோர் சிலர் மார்புநோயால் இறந்தனர். இனி இவர்கள் இங்கேயே கலந்து மறைவர் என்றே பலர் எண்ணினர். 1962 டிசம்பரில் தீவாரிடையே வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிச் செல்ல விரும்பினோர் 148 பேர், விரும்பாதோர் ஐவர். 1963 இல் மக்களிற் பெரும்பாலார் தம் தீவை அடைந்தனர். சில ஆண்டுகளின் பின் சில குடும்பங்கள் மீண்டும் இங்கிலாந்து சென்றதும் உண்டு. அதனையும் மறைத்தல் நேர்மையன்று. எனினும் ஊர் நிலைத்தது.

இச்சமூகத்தைக் கண்டு மருத்துவப் புலவர்கள் பெரிதும் வியந்து ஆராய்ந்துள்ளனர். தீவாரின் வமிசத்தை நாடிச் சென்றால் எட்டு ஆடவரும் ஏழு பெண்டிருமாகப் பதினைந்து முன்னோரிடமே அது சென்று முடிகிறது. ஆண்வழி மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஊர் வமிசாவளியிற் பெயரில்லாத ஓர் ஆடவரின் சுவடும் காணப்பட்டது. ஆகவே தந்தைவழிப் பட்டியல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டதாயினும் முழு உண்மையன்று என்பதும் தெளிவாகிறது.

தொகை இருமுறை சுருங்கியதாலும், பின்னர் ஒருவரையொருவர் மணத்தலன்றி வேறு வழியில்லாமையாலும், சில நோய்கள் அக்குடியில் ஊன்றிவிட்டன. முன்னோருட் சிலர்க்கு இருந்த ஈளை நோய் சந்ததியாரிற் பரவி, ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு ஏதேனும் ஓர் அளவிற் காணப்பட்டது. விழித்திரை நலிந்து பார்வை குன்றும் அரிய நோய், பதினைந்து முன்னோருள் ஒருவரிடம் மறைந்திருந்து, 1960 களில் இருந்த 240 சந்ததியாருள் நால்வரிடம் வெளிப்பட்டது. மறைந்திருக்கும் இத்தகைய குறை, தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றாகவே கூடுமிடத்துத்தான் வெளியாகும். இது தீவாரின் குற்றமன்று. அவர்கட்கு வேறு பெண் கொள்ளுமிடம் இல்லை, நாற்புறமும் கடல்.

நோயை மட்டும் கூறி அவர்களின் நெறியைக் கூறாதொழிதல் தகாது. அத்தீவில் நிலம் எவர்க்கும் தனியுடைமையன்று, ஊருக்குப் பொது. ஒரு குடும்பம் இத்தனை மாடு, இத்தனை ஆடு மட்டுமே வைக்கலாம் என அளவு உண்டு. மேய்ச்சல் நிலம் அழியாதிருத்தற்கும், ஒருவர் செல்வம் மற்றவரை நசுக்காதிருத்தற்கும் இவ்வேற்பாடு. 1817 ஆம் ஆண்டின் ஒரு காகிதத்தில் எழுதிய சமத்துவம் இவ்வாறு தொழுவத்திலும் வயலிலும் இருநூறு ஆண்டு கடந்தும் நின்று நிலவுகிறது. இரு பேரிடர்களின் பின்னும், எரிமலையின் பின்னும் அவர்களை ஒன்றுசேர்த்தது இரத்தம் மட்டுமன்று, இந்நெறியே என்பது எம் கருத்து.

ஆயினும் இன்று அவர்கட்கும் புதிய கவலை உண்டு. 2023 அளவில் தொகை 240 இற்குச் சற்றுக் குறைவாயிற்று. பிறப்பு அருகிவிட்டது, முதியோர் மிகுந்துள்ளனர், படிக்கச் செல்லும் இளைஞர் யாவரும் மீள்வதில்லை. எரிமலை செய்யாததைக் காலம் மெல்லச் செய்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களிடையே இருத்தல் இயல்பே.

இனி நம் நிலைமைக்கு வருவோம். நாம் தீவில் வாழ்வோர் அல்லோம். நம் ஊர்களைச் சுற்றிக் கடல் இல்லை. ஆயினும் நம்மவருட் பலர் தம்மைச் சுற்றித் தாமே ஒரு கடலை வெட்டிக்கொண்டிருக்கின்றனர். இன்ன கிளை, இன்ன ஊர், இன்ன வீட்டார் என்று குறுக்கிக் குறுக்கி, ஈற்றில் அக்காள் மகளையும் அத்தை மகளையும் மாமன் மகளையும் விட்டால் பெண்ணில்லை, வீட்டுச் சொத்து வெளியே போகலாகாது என்று கூறுகின்றனர். திரிஸ்தான் தீவார் வழியின்றிச் செய்ததை நாம் வழியிருந்தும் செய்கிறோம். அவர்கள் கப்பலுடைந்து வந்தவனையும் மருமகனாக ஏற்று உயிர் பிழைத்தனர். நாமோ பக்கத்து ஜில்லாவிலிருந்து வரும் நல்ல பிள்ளையையும் கிளை வேறு என்று திருப்பி அனுப்புகிறோம். இதனால் உண்டாகும் துன்பத்தைச் சுமப்போர் முறை பேசிய பெரியோர் அல்லர். குறையோடு பிறக்கும் குழந்தையும் அதனைப் பெற்ற தாயுமே. உறவில் மணந்தோர் யாவர்க்கும் இக்கேடு வரும் என்று யாம் கூறவில்லை. தலைமுறைதோறும் அவ்வாறே செய்தால் அபாயம் மிகும் என்பதையே கூறுகிறோம்.

இரண்டாவது, கணக்கு. தம்முள் எவர் பிறந்தார், எவர் இறந்தார், எவர் சென்றார் என்பதைத் திரிஸ்தான் தீவார் அறிவர். ஆதலின் இடர் வந்தபோது தம் நிலை உணர்ந்தனர். நம் சங்கத்தின் பெருங்கூட்டங்களில் நாம் இத்தனை லட்சம் என முழங்குவதுண்டு. ஆனால் ஓர் ஊரில் நம் கைம்பெண்கள் எத்தனை, படிப்பை நிறுத்திய பெண்கள் எத்தனை, துணையின்றி வாழும் முதியோர் எத்தனை என வினவினால் விடை சொல்வார் யார்? முழக்கத்திற்கு உதவும் பெருந்தொகையினும் உதவிக்கு உதவும் சிறுகணக்கே சங்கத்திற்கு வேண்டுவது. ஒவ்வோர் ஊர்க் கிளையும் குடும்பப் பதிவேடு ஒன்று தொடங்குமாயின் அதுவே நல்ல தொடக்கமாம். அப்பதிவேட்டிற் பெண்மக்களின் பெயரும் தாய்மார் பெயரும் தவறாது எழுதப்படல் வேண்டும். ஆடவர் பெயர் மட்டும் எழுதிய பட்டியல் பாதிப் பட்டியலே.

மூன்றாவது, சமத்துவம். ஒருவரினும் ஒருவர் மேல் என்னும் எண்ணம் புகுந்த சிறு சமூகம் நெடுநாள் நிற்பதில்லை. இது நமக்குள்ளும் பொருந்தும். நமக்கும் பிறர்க்கும் இடையிலும் பொருந்தும். எந்தச் சமூகத்தின் வேரையும் ஆழத் தோண்டினால், எங்கிருந்தோ வந்த ஒரு வழிப்போக்கனும் பெயர் மறந்த ஒரு தாயுமே அங்கிருப்பர்.

1885 இல் படகு திரும்பாத அன்று அத்தீவின் மகளிர், நாம் எத்தனை பேர் எஞ்சினோம் என்று எண்ணிப் பார்த்திருப்பர். பின் மறுநாட் காலை மாடு கறக்கச் சென்றிருப்பர். அவ்விரண்டு செயல்களும் நமக்கும் வேண்டும். எண்ணிப் பார்ப்போம், பின் ஆகவேண்டிய காரியத்தைச் செய்வோம். இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் இன்றிரவே தம் வீட்டு மூத்த அம்மையார் அருகில் அமர்ந்து, அவர்தம் தாயின் பெயரையும் அத்தாயின் தாய் பெயரையும் கேட்டு எழுதி வைப்பாராயின், நம் பதிவேட்டின் முதல் ஏடு எழுதப்பட்டதாகும்.